மெட்டுக்குக் கீழே ஒரு மெட்டு – 14: பாட்டு இல்லாத கேசட்

இதுவரை...

1958. தேவிகுளம் இடைத்தேர்தல். மூணாறு மலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயம் லயமாக ஏறிப் பாடியது பாவலர் வரதராஜனின் குழு. பண்ணைப்புரத்துத் தம்பி ராசையா, பின்னாளின் இளையராஜா, அண்ணனோடு கிளம்பியது அந்த ஆண்டுதான். வயது பதினான்கு, பதினைந்து இருக்கும். பெண் குரலில் பாட வேண்டிய இடமெல்லாம் அவன் பொறுப்பு.

கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றி பாவலரின் பாட்டுக்குச் சேர வேண்டியது என்று முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு சொன்னதை இளையராஜா பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தக் குடும்பத்தின் இசைக்குக் கிடைத்த முதல் பெரிய அங்கீகாரம் சபாவில் கிடைக்கவில்லை, பத்திரிகையில் கிடைக்கவில்லை. தேர்தல் களத்தில் கிடைத்தது.

பத்தாண்டு கழித்து, அம்மா சின்னத்தாயம்மாள் ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976-ல் ‘அன்னக்கிளி’. 1983-ன் ‘சாகர சங்கமம்’ தெலுங்குப் படத்துக்காக முதல் தேசிய விருது.

விருது வந்துவிட்டது. சண்டை அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

* * *

1985, தீபாவளி

கே.பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ வெளியானது. கதையின் நடுவில் இருப்பதே ஒரு விவாதம். மேடையில் ஜே.கே.பி. என்ற பெரிய கர்னாடக வித்வான். எதிரே ரசிகர்களில் ஒருத்தியாக சிந்து. தமிழ்நாட்டில் தமிழ் கேட்கும் ஜனங்களுக்கு முன்னால் ஏன் புரியாத மொழியிலேயே பாடுகிறீர்கள் என்று அவள் எழுந்து கேட்கிறாள். நீயே பாடிக் காட்டு என்கிறார் அவர்.

சிந்து பாட ஆரம்பிக்கிறாள். தாளத்துக்கு மிருதங்கம் இல்லை, தம்புராவும் இல்லை. களத்துமேட்டில், தோட்டத்தில், தொட்டில் பக்கத்தில் கேட்கிற மாதிரியான பாட்டு. எழுதியவர் வைரமுத்து, பாடியவர் கே.எஸ்.சித்ரா. ‘பாடறியேன் படிப்பறியேன்’.

பாட்டு மெல்ல மெல்ல நடையை மாற்றுகிறது. சொற்கள் குறைந்து ஸ்வரங்கள் வருகின்றன. ஸ்வரங்கள் அடர்ந்து ஓடி, கடைசியில் வந்து நிற்கிற இடம் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’. நாட்டுப்பாட்டு எங்கே முடிந்தது, கீர்த்தனை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியவில்லை.

தியேட்டர் கைதட்டியது. சபாக்காரர்களில் பலர் நெற்றியைச் சுருக்கினார்கள்.

காரணம் உண்டு. ‘மரி மரி நின்னே’ காம்போதி ராகக் கீர்த்தனை. படத்தில் வந்தது சாரமதி. கீர்த்தனையின் ராகத்தைத் தொடுவது கர்னாடக சங்கீத உலகில் சாதாரணக் காரியம் இல்லை. சாகித்தியமும் ராகமும் ஒரே உடம்பு என்பது அங்கே விதி. சினிமாக்காரர் ஒருவர் தியாகராஜர் மேல் கை வைத்துவிட்டார் என்ற பேச்சு கிளம்பியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பேச்சு ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறியது. சாரமதி என்றதும் சபாவுக்கு நினைவு வருவதே தியாகராஜரின் ‘மோக்ஷமு கலதா’ கீர்த்தனைதான். ஆக, இளையராஜா தியாகராஜரின் ஒரு கீர்த்தனையை எடுத்து, தியாகராஜரே புகழ் சேர்த்த இன்னொரு ராகத்தில் வைத்திருந்தார். ஏன்? நாட்டுப்பாட்டாக ஒலித்த முதல் பாதியும் சாரமதியின் ஸ்வரங்களில்தான் நடந்தது. முதல் அடியிலேயே ராகம் இருந்தது. கேட்டவர்களுக்கு அது ராகமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாதம் அதுதான். வசனத்தில் சிந்து கேட்டதை மெட்டில் இளையராஜா கேட்டிருந்தார். ‘சாஸ்திரம்’ என்று நீங்கள் வேலி போட்ட நிலத்தில் எங்கள் ஊர்ப் பெண்களின் பாட்டும் முன்பே இருந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

33-வது தேசிய விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் இளையராஜா, சிறந்த பாடகி சித்ரா, சிறந்த நடிகை சுஹாசினி. டெல்லி தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. மயிலாப்பூர் மேல்முறையீட்டில் இருந்தது.

* * *

பாக்குக்கு வயது 300

அதே 1985-ல் உலகம் முழுவதும் இன்னொரு விழா நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் பிறந்து முந்நூறு ஆண்டு. 1685-ல் பிறந்தவர் பாக். அவர் 1750-ல் இறந்து பதினேழு ஆண்டு கழித்து, 1767-ல் தியாகராஜர் பிறந்தார். ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட வழியே இல்லை. இருவருக்கும் இசை என்பது தொழில் அளவில் நிற்காமல் வழிபாடாகவும் இருந்தது.

1986-ல் இளையராஜாவின் ஒரு கேசட் வந்தது. படம் இல்லை, நடிகர் இல்லை, பாடலாசிரியர் இல்லை. பாட்டும் இல்லை. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை. பெயர் ‘ஹவ் டு நேம் இட்?’. தலைப்பிலேயே கேள்விக்குறி.

உள்ளே இருந்த தலைப்புகளும் குறும்பு. ‘மேட் மாட் மூட் ஃப்யூக்’, ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, அதன் தொடர்ச்சியாகப் பாக்கோடு நடந்த பேச்சு என்று ஒன்று. தனி வயலின் வி.எஸ்.நரசிம்மன்.

‘ஐ மெட் பாக்...’ தொடங்கும்போது ஒலிப்பது இளையராஜாவின் இசையே அல்ல. தனி வயலினுக்கென்று பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு அது. உலகத்து வயலின் மாணவர்கள் எல்லாரும் விரல் தேயத் தேய வாசிக்கிற பகுதி. அந்த ஓட்டத்தின் மேல் நம்மூர் வயலின் ஒன்று வந்து உட்கார்ந்து, கமகத்தோடு தன் பாட்டுக்குப் பேச ஆரம்பிக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். ஏன் பாக்? பீத்தோவன் இருக்கிறார், மோட்சார்ட் இருக்கிறார். தன்ராஜ் மாஸ்டரின் அறையில் எல்லாரும்தான் அறிமுகமானார்கள்.

விடை தொழில்நுட்பத்தில் இருக்கிறது. மேற்கத்திய இசையில் பிற்காலத்தில் கார்டு என்ற அடுக்கு பெரிதாக வளர்ந்தது. பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு உணர்ச்சியை உண்டாக்கும் முறை அது. ராகத்துக்கு அது பெரும் சோதனை. அடுக்குக்குத் தேவை என்று வெளியிலிருந்து ஒரு ஸ்வரம் நுழைந்தால் ராகம் கலைந்துவிடும்.

பாக்கின் வழி வேறு. அவர் இசையில் இரண்டு, மூன்று, நான்கு மெட்டுகள் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கும். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான மெட்டு. சேர்ந்து கேட்டாலும் அழகு கெடாது. ஒவ்வொரு மெட்டையும் ஒரே ராகத்தின் ஸ்வரங்களுக்குள் நடக்க விட்டால்? ராகமும் உடையாது, பாக்கின் கட்டுமானமும் நிற்கும்.

ஃப்யூக் என்பது அந்தக் கலையின் உச்சி. ஒரு குரல் மெட்டைத் தொடங்கும். அது மெட்டைச் சொல்லி முடித்து மேலே தொடரும்போது இரண்டாவது குரல் அதே மெட்டை வேறொரு சுருதியில் பிடித்துக்கொள்ளும். பிறகு மூன்றாவது. நடவு வயலில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, அவள் இழுத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வாங்கிப் பாடுவதை அருகிலிருந்து கேட்டவருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரிந்திருக்காது.

மிஞ்சியிருந்த சிக்கல் கமகம். மேற்கத்திய எழுத்துமுறையில் ஸ்வரம் ஓர் இடத்தில் நிற்கும். நம் ஸ்வரம் அசையும். இரண்டு வயலின் வரிசைகள் ஒரே சமயத்தில் அசைந்தால் மோதிக்கொள்ளும். இளையராஜா செய்த பங்கீடு எளிமையானது: கூட்டு வயலின்கள் வேகமாக, நேராக ஓடட்டும், தனி வயலின் மட்டும் அசையட்டும். கேசட்டைப் போட்டுக் கேட்டால் இந்தப் பங்கீடு தெளிவாகக் காதில் விழும்.

* * *

எந்த நாற்காலியில் உட்கார வைப்பது?

கேசட் வந்தாயிற்று. யார் விமர்சிப்பது?

தமிழ்ப் பத்திரிகை உலகில் இசை பற்றி எழுத அன்று இரண்டு நாற்காலிகள்தான் போடப்பட்டிருந்தன. ஒன்று மார்கழிக் கச்சேரி விமர்சகருடையது. சுப்புடு கோலோச்சிய இடம். வித்வான்கள் மறுநாள் பத்திரிகையைப் பிரிக்கவே பயந்த காலம் அது.

இன்னொன்று சினிமா விமர்சகருடையது. அல்லிநகரத்து பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் போட்ட 62½ மார்க்கைத் தேனிப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது படத்துக்கு மொத்தமாகப் போட்ட மார்க். இசைக்குப் பெரும்பாலும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு.

கச்சேரியும் இல்லாமல் படமும் இல்லாமல் வந்த ஒரு கேசட்டுக்கு நாற்காலி கிடையாது.

மேற்கில் நிலைமை வேறாக இருந்தது. 1967-ல் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்த பிறகு ஆல்பம் என்பதே முழுப் படைப்பு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, ஏன் அந்த அட்டைப்படம் என்று ரசிகர்கள் மல்லுக்கட்டினார்கள். அதே ஆண்டு தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ போன்ற பத்திரிகைகள் அந்த மல்லுக்கட்டையே எழுத்தாக்கின.

ராக் இசைக்காரர்களும் பாக்கை விட்டுவைக்கவில்லை. 1969-ல் ஜெத்ரோ டல் குழு பாக்கின் ஒரு நடனத் துண்டைப் புல்லாங்குழலில் ராக் ஆக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் டீப் பர்ப்பிள் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையேறியது. எழுதியவர் அக்குழுவின் ஜான் லார்டு. உடன் வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பக்கத்திலும் முன்னோடிகள் இருந்தார்கள். அறுபதுகளில் ரவிசங்கரும் யெஹுதி மெனுஹினும் சேர்ந்த இசைத்தட்டு கிராமி வாங்கியது. எழுபதுகளில் ஜான் மெக்லாஃப்லின், எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த ‘சக்தி’ குழு உலகம் சுற்றியது. அங்கெல்லாம் ஆதாரம் மனோதர்மம். மேடையில் அந்த நேரத்தில் பிறக்கும் இசை.

‘ஹவ் டு நேம் இட்?’ இதற்கு நேர் எதிர்த் திசை. இந்தக் கேசட்டில் தற்செயலுக்கு இடம் குறைவு. யார், எந்த நொடியில், எந்த ஸ்வரத்தை வாசிக்க வேண்டும் என்பது தாளில் எழுதப்பட்டுவிட்டது. ‘சக்தி’யை வைத்து இதை அளந்தவர்களுக்கு இது கட்டிப்போட்ட இசையாகத் தெரிந்தது.

ஆட்சேபங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

கர்னாடகப் பக்கம்: ராக ஆலாபனை எங்கே? ஐந்தாறு நிமிடத்தில் ஒரு ராகத்தின் உருவம் தெரியுமா? மனோதர்மம் இல்லாத இடத்தில் வித்வானுக்கு என்ன வேலை?

மேற்கத்தியப் பக்கம்: பாக்கை எடுத்துப் பக்கத்தில் ஒன்றை ஒட்ட வைப்பது படைப்பாகுமா? அடியில் ஓடும் தாளக்கட்டு பாக்கின் நுட்பத்தை அமுக்கிவிடவில்லையா?

மூன்றாவது பக்கம்தான் எண்ணிக்கையில் பெரியது. அதைக் கேட்க மலையடிவாரத்துக்கு வர வேண்டும்.

* * *

போடியில் கேசட் காலம்

எண்பதுகளின் நடுவில் போடிநாயக்கனூர் இரண்டு விஷயத்தால் மணந்தது என்பார்கள். ஒன்று ஏலக்காய். மேலே பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் பறித்து, ஸ்டோரில் வாட்டிய காய் மூட்டையாக இறங்கும். கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் ரயில் பாதை வந்ததே இந்த மலைச்சரக்கை நம்பித்தான்.

இன்னொன்று பாட்டு. விடியுமுன் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்பில் பாட்டு. டீக்கடையில் பாட்டு. காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை என்றால் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. இளையராஜா அங்கே இசையமைப்பாளர் மட்டும் இல்லை. தேவாரம் ரோட்டில் போனால் வருகிற ஊர்க்காரர்.

கேசட் கேட்ட முறையையும் சொல்ல வேண்டும். கம்பெனி கேசட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் ஒரு வெற்றுக் கேசட்டையும் ஒரு துண்டுச் சீட்டையும் ரெக்கார்டிங் கடையில் கொடுப்பார்கள். ‘ஏ’ பக்கம் ஆறு, ‘பி’ பக்கம் ஆறு. ஆறும் ஆறு படத்திலிருந்து இருக்கும். ஒரு படைப்பாளி வரிசைப்படுத்தியதை அதே வரிசையில் உட்கார்ந்து கேட்கும் பழக்கத்துக்கே இங்கே இடம் இல்லை. ரசிகன்தான் வரிசைப்படுத்துவான்.

அப்படிப்பட்ட ஊருக்குப் பாட்டு இல்லாத ஒரு இளையராஜா கேசட் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

“எஸ்.பி.பி. எப்பண்ணே வருவாரு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் ஒரு ரகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதே 1986-ல் ‘மௌன ராகம்’ வந்தது, ‘விக்ரம்’ வந்தது, ‘புன்னகை மன்னன்’ வந்தது. பாடல்கள் கொட்டிக் கிடந்த ஆண்டு. அதை விட்டு எதற்கு இது?

இன்னொரு ரகம் உண்டு. சரணத்தை விடப் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையைப் பிடித்துக்கொண்டவர்கள். அந்த வயலின் எங்கே எழும்புகிறது, அதன் அடியில் பேஸ் கிடார் எந்தத் தனிவழி போகிறது என்று டீ ஆறும்வரை பேசக்கூடியவர்கள். ஃப்யூக் என்ற பெயர் தெரியாமலே, ஒன்றின் மேல் ஒன்றாக மெட்டு ஓடும் வித்தையைப் பத்து வருடமாக அவர் பாட்டுகளிலேயே கேட்டுப் பழகிவிட்டவர்கள். இந்தக் கேசட் அவர்களுக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. பாட்டிலிருந்து பாடகரை எடுத்துவிட்டால் மீதம் என்ன இருக்கும் என்று அவர்கள் யோசித்திருந்தால், மீதம் இதுதான்.

இந்த இரண்டாவது ரகம் எந்தப் பத்திரிகையிலும் எழுதவில்லை. ஆனால் விமர்சனம் என்ற வேலையை அவர்கள்தான் செய்தார்கள். ராக் ரசிகர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் செய்ததைத் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் பெஞ்சுகளில் இவர்கள் செய்தார்கள்: திரும்பத் திரும்பக் கேட்பது, ஒப்பிடுவது, சண்டை போடுவது, மறுபடியும் கேட்பது.

* * *

1988: வாசல் திறந்தது

இரண்டு ஆண்டு கழித்து, எதிர்பார்க்காத இடத்தில் ஒரு கதவு திறந்தது.

பாலு மகேந்திரா ‘வீடு’ எடுத்தார். சென்னையில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட நினைக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை. அர்ச்சனா நடித்தார். தாத்தாவாகப் பழைய நாடகக் கலைஞர் சொக்கலிங்க பாகவதர். படத்தில் பாட்டு கிடையாது. பின்னணிக்குப் பாலு மகேந்திரா எடுத்துக்கொண்டது ‘ஹவ் டு நேம் இட்?’ இசையை.

யோசித்துப் பாருங்கள். பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக எழுதப்பட்ட இசை. அதற்குக் கீழே செங்கல், சிமென்ட், கடன், காண்டிராக்டரின் திருட்டு, அரைகுறையாக நிற்கும் சுவரைத் தடவிப் பார்க்கும் முதியவரின் கை. ஐரோப்பிய தேவாலயத்து நடையும் தஞ்சாவூர்க் கமகமும் கலந்த அந்த வயலின், கோடம்பாக்கத்து நடுத்தரக் கஷ்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

‘வீடு’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அர்ச்சனா சிறந்த நடிகை. பாட்டு இல்லாத கேசட் பாட்டு இல்லாத படத்தின் வழியாக, அதுவரை அதைத் தொடாத காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கலப்பிசை ஒட்டுவேலைதான் என்று சொன்னவர்களுக்கு இது பதிலா? பாதி பதில். ஓர் இசை, தான் எழுதப்பட்ட காரணத்திலிருந்து பிரிந்து வந்து இன்னொரு வாழ்க்கையைத் தாங்குகிறது என்றால் அதற்குச் சொந்தமாக ஒரு முதுகெலும்பு இருக்கிறது என்று பொருள். ஆனால் ‘மனோதர்மம் எங்கே?’ என்ற கேள்வி அப்படியேதான் நின்றது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். எழுதி முடிக்கப்பட்ட இசையில் வி.எஸ்.நரசிம்மனைப் போன்ற ஒரு கலைஞர் தம் கற்பனைக்கு இறக்கை விரிக்க இடம் குறைவு. அந்த இழப்பை ஒத்துக்கொண்டுதான் இந்தக் கேசட்டைக் கொண்டாட வேண்டும்.

அதே 1988-ல் அடுத்த அடி. ‘நத்திங் பட் விண்ட்’. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கூடவே 50 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா. இம்முறை தனிக்குரல் இந்துஸ்தானிக்காரருடையது. பாக்கின் நிழல் குறைந்து, காற்றைப் பற்றிய ஒரு தனிச் சிந்தனை நடுவில் வந்தது.

அந்த ஆண்டுதான் காரைக்குடியில் கலைஞர் மு.கருணாநிதி இளையராஜாவுக்கு ‘இசைஞானி’ பட்டம் கொடுத்தார். அந்த ஆண்டுப் படமான தெலுங்கு ‘ருத்ரவீணா’வுக்காக மூன்றாவது தேசிய விருது. அரசியல் மேடை, டெல்லி, பொதுஜனம் என்று மூன்றும் சேர்ந்து நின்றன.

* * *

என்னதான் சண்டை?

பதினான்கு வாரமாக இந்தக் கதையைத் தொடர்ந்து வருபவர்களுக்கு, அவரை ஏற்றுக்கொண்டவர்களில் ஒரு வரிசை பிடிபட்டிருக்கும். முதலில் மலைத் தோட்டத்துக் கூலித் தொழிலாளர்கள், 1958. பிறகு தமிழ்நாட்டு ஜனங்கள், 1976. பிறகு அரசு விருது, 1983. இசையை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கடைசியில்.

இதை விமர்சகர்களின் காழ்ப்பு என்று ஒரே போடாகப் போட்டுவிட ரசிகர்களுக்கு ஆசை. முழு உண்மை அது இல்லை. ராகம் மாறியதையும் மனோதர்மம் குறைந்ததையும் சுட்டிக்காட்டியவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள்.

ஆனால் சண்டையில் பெரும்பகுதி ஒலியைப் பற்றியதே இல்லை. இவர் எங்கள் ஆளா, உங்கள் ஆளா? சாஸ்திரமா, சினிமாவா? கிராமியமா, மேற்கத்தியமா? ஒடுக்கப்பட்ட குடியில், மலையடிவாரத்தில் பிறந்து, கட்சி மேடையில் பாடிப் பழகி, ட்ரினிட்டி கல்லூரித் தேர்வில் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கி வந்த ஒருவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாத தவிப்பு அது. பட்டியல் முடிவானால்தான் மார்க் போட முடியும் என்று நினைத்தவர்கள் கடைசிவரை கேசட்டைக் கேட்கவில்லை. அதன் மேல் ஒட்ட வேண்டிய சீட்டைத்தான் தேடினார்கள்.

சங்கீத நாடக அகாடமி ஒருவழியாக ஒரு சீட்டைக் கண்டுபிடித்தது. அகாடமி விருது அவருக்குக் கிடைத்தபோது அது கர்னாடக இசைக்காகவும் இல்லை, மேற்கத்திய இசைக்காகவும் இல்லை. ‘படைப்பு மற்றும் பரிசோதனை இசை’ என்ற பிரிவில். ஆண்டு 2012. கேசட் வந்து 26 ஆண்டு ஆகியிருந்தது.

என் தீர்ப்பு இது. ‘ஹவ் டு நேம் இட்?’ குறையில்லாத படைப்பு இல்லை. சில துண்டுகள் சந்திப்போடு நின்றுவிடுகின்றன, சங்கமமாகவில்லை. ஆனால் தமிழ் ரசிகன் ஒரு கேசட்டை முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலிவரை ஒரே படைப்பாக உட்கார்ந்து கேட்கவும், கேட்டதைப் பற்றி வாதாடவும் கற்றுக்கொண்டதில் அதன் பங்கு பெரியது. நம் பத்திரிகைகள் போடத் தவறிய மூன்றாவது நாற்காலியை டீக்கடை பெஞ்சுகள் போட்டன.

* * *

இனி லண்டன்

வீட்டுக்கு வந்த பாக்கோடு பேசியாயிற்று. அடுத்து இளையராஜாவே பாக்கின் கண்டத்துக்குப் புறப்பட்டார்.

1993, கோடைக்காலம். லண்டன். டீப் பர்ப்பிளோடு 1969-ல் மேடையேறிய அதே ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. நடத்துநர் ஜான் ஸ்காட். அவர்கள் முன்னால் விரிக்கப்பட்ட தாள்களில் இருந்தது பண்ணைப்புரத்து ராசையா எழுதிய முழுநீள சிம்பொனி. இம்முறை ராகமா, சினிமாவா என்ற கேள்விக்கே இடம் இல்லை. மேற்கத்திய இசையின் ஆகப் பெரிய வடிவம், அதன் சொந்த மண்ணில், அதன் சொந்தக் கலைஞர்களின் கையில்.

தமிழ்நாட்டில் வரவேற்புக்குக் குறைவில்லை. பத்திரிகைகள் கொண்டாடின. போடியிலிருந்து கம்பம் வரை, இசைக் குறிப்பு படிக்கத் தெரியாதவர்களும் ‘சிம்பொனி’ என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள். ரசிகர்கள் கடைக்குப் போய்க் கேட்டார்கள். அடுத்த மாதம் மறுபடியும் கேட்டார்கள்.

வாசித்தார்கள், பதிவும் செய்தார்கள். ஆனால் அந்த சிம்பொனி கடைக்கு வரவேயில்லை.

ஏன்?

(தொடரும்)